மூளைக் கட்டி: நோயாளிகளும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் மருத்துவச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வரும் குடும்பத்தார், உள்ளே கேட்கத் தயங்கியதையெல்லாம் நடைபாதையில் என்னிடம் கேட்கிறார்கள். திருவள்ளூரிலிருந்து வருபவரும் தி.நகரிலிருந்து வருபவரும் கேட்பவை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்களுடைய வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லேன். மருந்தின் அளவையும் சிகிச்சை முடிவையும் உங்கள் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"ஸ்கேன்ல கட்டின்னு வந்திருக்கு. அப்படின்னா கேன்சர்தானா?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் அடினோமா, காது நரம்பில் வரும் ஷ்வானோமா ஆகியவை பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. புற்றுநோய் வகையைச் சேராதவை. மூளைத் திசுவுக்குள்ளேயே தோன்றும் கிளியோமாக்களில் மெதுவாக வளர்பவையும் உண்டு, வேகமாகப் பரவும் கிளியோபிளாஸ்டோமாவும் உண்டு. இவை தவிர, நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் புற்றுநோய் மூளைக்குப் பரவி உண்டாகும் கட்டிகளும் இருக்கின்றன. அவற்றுக்குச் சிகிச்சை வழி வேறு.

மூளைக் கட்டிகளை உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 1 முதல் 4 வரை கிரேடு என்று பிரிக்கிறது. அறிக்கையில் கிரேடு 2 என்று இருப்பதைப் பார்த்து "ரெண்டாவது ஸ்டேஜ்" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஸ்டேஜ் என்பது மற்ற புற்றுநோய்கள் உடலில் எவ்வளவு தூரம் பரவியுள்ளன என்பதைக் குறிப்பது. கிரேடு என்பது கட்டியின் உயிரணுக்கள் எவ்வளவு தீவிரமாக நடந்துகொள்கின்றன என்பதைக் குறிப்பது. மூளையில் தொடங்கும் கட்டிகள் மூளையையும் தண்டுவடத்தையும் தாண்டி உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவது மிக அரிது.

"கேன்சர் இல்லைன்னா அப்புறம் எதுக்கு ஆபரேஷன்? சின்னக் கட்டிதானே?"

மண்டையோடு விரிந்து கொடுக்காது. அதற்குள் மூளையும் இரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் ஏற்கெனவே இடத்தை நிரப்பியிருப்பதால், புதிதாக ஒன்று வளரும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. புற்றல்லாத கட்டியும் அந்த அழுத்தத்தால் பார்வையைக் கெடுக்கலாம், உயிருக்கும் ஆபத்து உண்டாக்கலாம். நீர் ஓடும் பாதையை அடைக்கும் இடத்தில் இருந்தால் சிறிய கட்டியே பெரிய நெருக்கடியைத் தரும். அப்போது நீரை வயிற்றுக்குள் வடியச் செய்யும் ஷன்ட் குழாயை முதலில் வைக்க நேரிடலாம்.

அளவைவிட இடம் முக்கியம் என்பதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். வலப்பக்க முன்மூளையில் பெரிதாக வளர்ந்தும் நெடுநாள் வெளியே தெரியாமல் இருந்த மெனிஞ்சியோமாக்கள் உண்டு. மூளைத்தண்டிலோ பேச்சுப் பகுதியிலோ அதில் கால் பங்கு இருந்தாலே விழுங்குவதும் பேசுவதும் சிரமமாகும். சிறுமூளையில் இருந்தால் நடை தள்ளாடும். பெருமூளையின் பின்பகுதியில் இருந்தால் பார்வையின் ஒரு பக்கம் மறையும். பிட்யூட்டரியில் இருந்தால் மாதவிடாய் நிற்கலாம், குழந்தை பெறாதவருக்கும் பால் சுரக்கலாம், காலணி அளவு வருடத்துக்கு வருடம் கூடலாம். மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை இரண்டு: கட்டியின் வகை என்ன, அது எந்த இடத்தில் இருக்கிறது. அறுவை சிகிச்சை தேவையில்லாத கட்டிகளும் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கும்; முதியவர் ஒருவருக்குத் தற்செயலாகத் தெரிந்த சிறிய மெனிஞ்சியோமாவை ஆண்டுக்கொரு ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதுமானதாக இருக்கலாம்.

"தலைவலி எல்லாருக்கும்தான் வருது. எந்தத் தலைவலிக்குப் பயப்படணும்?"

பெரும்பான்மையான தலைவலிகளுக்கும் கட்டிக்கும் தொடர்பில்லை. ஆனால் இதுவரை இல்லாத புதிய தலைவலி வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போவது, விடியற்காலையில் அதிகமாக இருந்து வாந்தி எடுத்ததும் சற்றுக் குறைவது, குனிந்தாலோ இருமினாலோ கூடுவது, கூடவே பார்வை மங்குவது அல்லது ஒரு பக்கக் கை கால் தளர்வது ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. நடுவயதில் முதன்முறையாக வலிப்பு வந்தால், ஒரே முறை வந்து நின்றிருந்தாலும், மூளை ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

தலைவலிக்குக் கண்ணாடி மாற்றிக்கொள்ளப் போன இடத்தில், கண் மருத்துவர் பார்வை நரம்பின் வீக்கத்தைப் பார்த்து அனுப்பிவைத்தவர்கள் எங்கள் பிரிவுக்கு வருவதுண்டு. கடைக்காரர் அளந்து தரும் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளாமல், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் கண் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.

"ஸ்கேன்ல தெரியறது கட்டியாத்தான் இருக்கணுமா? வேற எதுவும் இருக்காதா?"

இருக்கலாம். காசநோய்க் கிருமியால் மூளையில் உண்டாகும் டியூபர்குலோமாவும், நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போய் மூளையில் தங்குவதால் உண்டாகும் நீர்க்கட்டியும் நம் நாட்டில் இன்னும் காணப்படுகின்றன. இரண்டுமே ஸ்கேனில் வளையம் போன்ற தோற்றத்தில் தெரிவதால் கட்டியோ என்ற ஐயத்தை எழுப்பும். வலிப்போடு வரும் ஒற்றைச் சிறு வளையத்தைக் கத்தி வைக்காமலே நாடாப்புழுத் தொற்று என அடையாளம் காண்பதற்கான அளவுகோல்களை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வகுத்தார்கள். வளையம் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எனவே சில வாரங்கள் மருந்து கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், அவர் அலட்சியம் காட்டுகிறார் என்று எண்ண வேண்டாம்.

இந்தப் புழுவைச் சைவ உணவுக்காரர்களுக்கு வராத நோய் என்று நினைப்பதும் சரியாகாது. முட்டை மனிதக் கழிவின் வழியாகத் தண்ணீரிலும் கழுவாத கீரையிலும் கைகளிலும் பரவுகிறது.

"எப்பவும் செல்போன்லயே இருப்பான். அதனாலதான் வந்துச்சா?"

கைப்பேசியின் கதிர்வீச்சைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம்" என்ற பிரிவில் வைத்தது. அன்று கிடைத்த சான்றுகள் உறுதியற்றவை என்பதால்தான் அந்தப் பிரிவு. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் நடந்து 2024இல் வெளியான விரிவான மறுஆய்வில், கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு காணப்படவில்லை. உறுதியாகத் தெரிந்த காரணங்கள் குறைவு. சிறு வயதில் தலைக்குக் கொடுக்கப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சை ஒன்று. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் போன்ற சில மரபுவழி நோய்கள் மற்றொன்று. பெரும்பாலான நோயாளிகளிடம் இவை இரண்டுமே இருப்பதில்லை.

தலையில் எண்ணெய் வைக்காதது, இரவில் தலைக்குக் குளித்தது, பரீட்சைக்கு அதிகம் படித்தது, மருமகள் கொடுத்த மன உளைச்சல் என்று நான் கேட்ட காரணங்கள் பல. எதற்கும் ஆதாரமில்லை. கடைசியாகச் சொன்னது ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கக்கூடியது என்பதால், அதைச் சொல்பவர்களிடம் நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிடுகிறேன்.

"எம்.ஆர்.ஐ.யே எடுத்தாச்சே, பயாப்ஸி எதுக்கு? கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்க."

எம்.ஆர்.ஐ. கட்டியின் இடத்தையும் அளவையும் சுற்றியுள்ள வீக்கத்தையும் காட்டுகிறது. வகையை ஊகிக்க உதவுகிறது; உறுதி செய்வது பெரும்பாலும் திசுப் பரிசோதனைதான். 2021இல் வந்த உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, நுண்ணோக்கியில் தெரியும் தோற்றத்தோடு மரபணு மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தே கிளியோமாவுக்குப் பெயரிடுகிறார்கள். அறிக்கையில் ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் உள்ளது என்று இருந்தால் பொதுவாக மெதுவாகப் போகும் வகை. எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன் (அந்த மரபணு அடங்கிக் கிடப்பது) உள்ளது என்றால் டெமோசோலமைட் என்ற கீமோ மாத்திரைக்குக் கட்டி கூடுதலாகக் கட்டுப்பட வாய்ப்புண்டு. இந்தச் சோதனைகளின் முடிவு வர ஓரிரு வாரங்கள் ஆகலாம். அதற்குள் "என்ன கட்டின்னே தெரியலையாம்" என்று கலங்க வேண்டாம்.

கத்தி பட்டதால் கட்டி பரவும் என்பது தவறான நம்பிக்கை. தீவிர வகைக் கட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வளர்வது அதன் இயல்பினால்; இந்த நம்பிக்கை பிறந்ததும் அங்கிருந்துதான் என்பது என் எண்ணம். ஊசி வழியாகத் திசு எடுக்கும் முறையிலும் சிறிய அளவில் இரத்தக்கசிவு ஆபத்து உண்டு. அதை மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு ஒப்புதல் கையெழுத்துப் போடுங்கள்.

"ஃபிட்ஸ் வந்தா கையில சாவி கொடுக்கலாமா?"

கூடாது. இரும்பு வலிப்பை நிறுத்தாது, கையைத்தான் கிழிக்கும். நோயாளியைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துண்டோ தலையணையோ வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ துணியோ விரலோ வைக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாக நின்றுவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது தொடங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ 108ஐ அழையுங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை மருத்துவர் எழுதித் தந்திருந்தால் அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லா வலிப்பும் கீழே விழுந்து உதறுவதாக இருப்பதில்லை. சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது, உதட்டைச் சப்புவது, ஒரு கை மட்டும் துடிப்பது, இல்லாத வாசனையை உணர்வது ஆகியவையும் வலிப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

வலிப்பு வரக் காரணமாக நான் அதிகம் பார்த்தது, மாத்திரையை விட்டுவிடுவதும் தூக்கம் கெடுவதும்தான். விரதம் இருந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஓ.எம்.ஆர். நிறுவனங்களில் இரவுப் பணி பார்ப்பவர்கள் பகல் பணிக்கு மாற்றிக்கொள்ள மருத்துவரிடம் சான்று கேட்கலாம். மெரினாவில் கடலில் இறங்குவது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்காருவது, மின்சார ரயிலின் வாசலில் நின்று போவது, குளியலறையை உள்ளே தாழிட்டுக் குளிப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

"ஸ்டீராய்டு கொடுக்கிறாங்க. உடம்புக்குக் கெடுதல்னு நிறுத்திடலாமா?"

டெக்ஸாமெத்தசோன் என்ற அந்த ஸ்டீராய்டு கட்டியைக் கரைப்பதில்லை. சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்கிறது. அதனால்தான் முந்தின நாள் கையைத் தூக்க முடியாதவர் இரண்டொரு நாளில் காபி டம்ளரைத் தானே எடுக்கிறார். குடும்பமும் நோய் தீர்ந்தது என்று நம்பிவிடுகிறது. பக்கவிளைவுகள் மெய்தான்: அடங்காத பசி, சர்க்கரை ஏறுதல், தூக்கமின்மை, எரிச்சல், முகம் உப்புதல், நாளடைவில் தொடைத் தசை பலமிழந்து நாற்காலியிலிருந்து எழ முடியாமை.

ஆனாலும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பும். சில வாரங்களாக எடுத்தவருக்கு உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டும் இல்லாமல் மயக்க நிலைக்குப் போகலாம். மருத்துவர் சொல்லும் படிகளில்தான் குறைக்க வேண்டும். தூக்கம் கெடுகிறது என்றால் வேளையைக் காலையும் நண்பகலுமாக மாற்றலாமா என்று கேளுங்கள்.

"ஆபரேஷன்ல முழுசா எடுத்துடுவாங்கல்ல? முழிச்சிருக்கும்போதே பண்ணுவோம்னு சொல்றாங்களே?"

மெனிஞ்சியோமா போன்றவற்றை இடம் அனுமதித்தால் முழுமையாக எடுக்க முடியும். கிளியோமாவின் விளிம்போ கண்ணுக்குத் தெரியாமல் நல்ல திசுவுக்குள் ஊடுருவியிருக்கும். செயல்பாட்டைக் கெடுக்காமல் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுப்பதே அங்கே நோக்கம். பேச்சுக்கும் கை கால் அசைவுக்கும் பொறுப்பான பகுதிக்கு அருகில் கட்டி இருந்தால் நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேசவும் எண்ணவும் சொல்லியபடியே அறுவை செய்வார்கள். மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது. தோலும் உறையும் மரத்துப்போக ஊசி போடப்படும். இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் நோயாளியைவிடக் குடும்பத்தார்தான் அதிகம் நடுங்குகிறார்கள். பிட்யூட்டரி கட்டிகளைப் பெரும்பாலும் மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள்.

"கரண்ட் வைக்கணும்னு சொல்றாங்க. ஷாக் அடிக்குமா? முடி எல்லாம் போயிடுமா?"

கதிர்வீச்சுச் சிகிச்சையில் மின்சாரம் உடலில் பாய்வதில்லை, வலியும் இல்லை. தலை அசையாமலிருக்க முகத்துக்கு அளவெடுத்து வலை போன்ற முகமூடி செய்வார்கள். மூடிய இடம் என்றால் பயப்படுபவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிளியோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான முறை, வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரங்களில் 30 முறை, மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதோடு தினமும் டெமோசோலமைட் மாத்திரை, முடிந்த பிறகு 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் மாத்திரை. கதிர் படும் பகுதியில் மட்டும் முடி உதிரும். அது மீண்டும் முளைப்பது கொடுத்த அளவைப் பொறுத்தது. சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குப் பிறகும் சோர்வும் தூக்கக் கலக்கமும் தொடரலாம்.

காமா கத்தி, சைபர் கத்தி என்பவற்றில் கத்தி எதுவும் இல்லை. சிறிய கட்டியின் மேல் கதிர்களைக் குவித்து ஒன்று முதல் சில தடவைகளில் முடிக்கும் முறைகள் அவை. புரோட்டான் துகள்களால் கதிர்வீச்சு கொடுக்கும் சிகிச்சை மையம் ஒன்றும் சென்னையில் தரமணிப் பகுதியில் 2019 முதல் இயங்குகிறது. விலை அதிகமான கருவி எல்லாக் கட்டிக்கும் மேலானது என்று பொருளில்லை. குழந்தைகளுக்கும் கண் நரம்பு, மூளைத்தண்டு ஆகியவற்றை ஒட்டிய சில கட்டிகளுக்கும் புரோட்டான் பயன் தரலாம். நிலத்தை விற்பதற்கு முன் இரண்டாவது மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேளுங்கள்.

"கூடவே நாட்டு மருந்தும் கொடுக்கலாமா?"

எதைக் கொடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் வலிப்பு மாத்திரையின் அளவை இரத்தத்தில் ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். சில தயாரிப்புகளில் உள்ள உலோகங்கள் சிறுநீரகத்தையும் ஈரலையும் பாதித்து, கீமோவைத் தள்ளிப்போட வைக்கும். நன்றாக ஆகக்கூடிய கட்டியோடு நாட்டு மருந்தை மட்டும் நம்பி, பார்வை போன பிறகு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருப்பதால், இந்த விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது.

"எப்பவும் தன்மையா பேசுறவர், இப்போ கண்டபடி திட்டுறார். வேணும்னே பண்றாரா?"

இந்தத் தொகுப்பை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். இடத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். முன்மூளை பாதிக்கப்பட்டால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற தடை தளர்கிறது. அல்லது மாறாக, எதிலும் நாட்டமின்றி நாள் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதைச் சோம்பேறித்தனம் என்றும் திமிர் என்றும் வீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று நோயாளி அடித்துச் சொல்வதும் நோயின் பகுதியாகவே இருக்கலாம். பொய் சொல்கிறார் என்று வாதாடிப் பயனில்லை. இதோடு ஸ்டீராய்டின் எரிச்சலும், லெவெடிராசிட்டம் என்ற வலிப்பு மாத்திரையால் சிலருக்கு வரும் கோபமும் சேரலாம். ஆகவே "குணம் மாறிவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், எந்த மாத்திரை தொடங்கிய பின் மாறியது என்பதைத் தேதியோடு எழுதிக் காட்டுங்கள். மாற்று மருந்து இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை: ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வது, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுவது, கோபம் ஏறும்போது பதில் சொல்லாமல் அறையை விட்டு வெளியே வந்துவிடுவது. பேச்சு வராதவரிடம் ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். பேச்சு போனவருக்கு அறிவும் போய்விட்டது என்று அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பலருக்குக் கேட்பது முழுவதும் புரிகிறது.

அடிக்கும் அளவுக்குப் போனால் பொறுத்துக்கொள்வது கடமை என்று எண்ண வேண்டாம், முக்கியமாக மனைவிமார். அன்றே மருத்துவரை அழையுங்கள். அது நோயால் வந்தது என்பது உண்மையே. அதற்காக அடி வாங்க வேண்டியதில்லை.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார்."

இது கேள்வியாக வராமல் வேண்டுகோளாகவே வருகிறது, அநேகமாக மூத்த மகனிடமிருந்து. நோயாளிகளில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவர்கள் தெரியாதது போல் இருக்கிறார்கள். இரு பக்கமும் நடிப்பதால் யாரும் யாரிடமும் பேச முடியாமல் போகிறது. சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் உரிமையுள்ளவர் நோயாளிதான். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்பது எங்கள் வழக்கம். "எல்லாம் பையன்கிட்ட சொல்லுங்க, எனக்கு வேண்டாம்" என்று அவரே சொன்னால் அதுவும் அவருடைய முடிவு. கட்டி பேச்சையும் சிந்தனையையும் பாதிக்கக்கூடிய இடத்தில் இருந்தால் இந்த உரையாடலைத் தள்ளிப்போடாதீர்கள்; பிறகு அதற்கு வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.

"குழந்தைக்கும் இது வருமா? வாந்திக்கு வயித்து டாக்டர்கிட்டதான் காட்டினோம்."

வரும். குழந்தைகளுக்குச் சிறுமூளைப் பகுதியில் வரும் கட்டிகள் அதிகம். மெடுல்லோபிளாஸ்டோமா அவற்றில் ஒன்று. காலையில் எழுந்ததும் வாந்தி, நடையில் தள்ளாட்டம், தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருத்தல், மாறுகண், கைக்குழந்தைக்குத் தலைச் சுற்றளவு வேகமாகக் கூடுதல் ஆகியவை குறிகள். வாந்தியை வயிற்றுக் கோளாறு என்று எண்ணுவது இயல்பு, அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். மெடுல்லோபிளாஸ்டோமா வந்த குழந்தைகளில் பலர் சிகிச்சையால் நோய் நீங்கி வளர்கிறார்கள்.

மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கதிர்வீச்சை இயன்றவரை தவிர்ப்பார்கள், வளரும் மூளையை அது பாதிக்கும் என்பதால். சிகிச்சை முடிந்த குழந்தைக்குப் படிப்பில் வேகம் குறையலாம், உயரம் குறையலாம், ஹார்மோன் மாத்திரை தேவைப்படலாம். பள்ளியில் சொல்லி முன் வரிசையில் இடம் கேளுங்கள். தகுதி இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும்.

"பணத்துக்கு என்ன பண்றதுன்னே தெரியல. அரசாங்கத்துல உதவி உண்டா?"

உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் அறுவை சிகிச்சைத் தேதிக்கு முன்பே தயார் செய்யுங்கள். அனுமதிக்கப்பட்ட பிறகு அலைவது கொடுமை. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார், அங்கும் மற்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் இயங்கிவருகிறது. குழந்தைகளுக்கு எழும்பூர் அரசு மருத்துவமனை இருக்கிறது.

புற்றுநோயாளி சிகிச்சைக்காக ரயிலில் வந்து போவதற்குக் கட்டணச் சலுகை உண்டு. படிவத்தில் மருத்துவமனையின் கையொப்பம் வேண்டும். நிரந்தரமான கை கால் தளர்வோ பார்வையிழப்போ ஏற்பட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது.

"மறுபடி வண்டி ஓட்டலாமா? கல்யாணம், குழந்தை எல்லாம்?"

ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழியிலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதை மறைத்து ஓட்டினால் பாதிக்கப்படுவது நீங்கள் மட்டுமல்லர். மருத்துவர் அனுமதிக்கும் வரை இரு சக்கர வண்டியும் வேண்டாம்.

திருமணத்துக்குத் தடையில்லை, மறைத்துச் செய்வதுதான் பின்னால் சிக்கலாகிறது. டெமோசோலமைட் எடுக்கும் காலத்திலும் அதன் பிறகு மருத்துவர் சொல்லும் காலம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. ஆண்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேட்கலாம்; வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

"ரேடியேஷன் முடிச்சு எடுத்த ஸ்கேன்ல பெரிசா தெரியுது. எல்லாம் வீணா?"

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம். கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதங்களில், சிகிச்சையின் விளைவாகவே வீக்கம் கூடிக் கட்டி வளர்ந்தது போலத் தோன்றுவது உண்டு. அதைப் போலி வளர்ச்சி என்பார்கள். உண்மையான வளர்ச்சியிலிருந்து அதைப் பிரித்தறிய, சிறப்பு எம்.ஆர்.ஐ. முறைகளும் சில வாரம் கழித்து எடுக்கும் மறு ஸ்கேனும் தேவைப்படலாம். பழைய குறுந்தகடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

"உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு நாள் இருப்பார்?"

வகையைப் பொறுத்து விடை வருடக்கணக்கில் மாறுகிறது. முழுமையாக எடுக்கப்பட்ட கிரேடு 1 மெனிஞ்சியோமாவுக்குப் பிறகு பலர் வழக்கமான ஆயுளை வாழ்கிறார்கள். ஐ.டி.எச். மாற்றமுள்ள ஆலிகோடென்ட்ரோகிளியோமா என்ற கிளியோமா வகையோடு பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்பவர்கள் உண்டு. கிளியோபிளாஸ்டோமாவுக்கு 2005இல் வெளியான முக்கியமான ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலமைட் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 14.6 மாதங்கள்; இரண்டு ஆண்டுக்குப் பிறகும் 26.5 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். இடைநிலை என்பது பாதிப் பேர் அதற்கு முன்பும் பாதிப் பேர் அதற்குப் பின்பும் இறந்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. உங்கள் அப்பா எந்தப் பாதியில் இருப்பார் என்பதை அந்த எண் சொல்லாது. வயது, அறுவையில் எவ்வளவு எடுக்கப்பட்டது, நோயாளி தன் வேலைகளைத் தானே செய்கிறாரா, எம்.ஜி.எம்.டி. நிலை ஆகியவை அதை நகர்த்துகின்றன.

மருத்துவரிடம் எத்தனை நாள் என்று கேட்பதைவிட, "அடுத்த மூன்று மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதை நான் கவனித்திருக்கிறேன். மகளின் திருமணத் தேதியை வைப்பதற்கும் வெளிநாட்டிலுள்ள மகனை அழைப்பதற்கும் அந்த விடைதான் உதவுகிறது.

"பார்த்துக்கிற எனக்கே முடியல. இப்படி நினைக்கிறது தப்பா?"

தப்பில்லை. இரவில் தூங்காமல், வேலையை விட்டு, பழைய கணவராக இல்லாத கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் சோர்வதும் சில நேரம் வெறுப்பதும் இயல்பு. உறவினர் யாரேனும் "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லாமல், செவ்வாய்க்கிழமை பிற்பகல் வந்து உட்காருங்கள் என்று நாளும் நேரமும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். மனம் தாங்காதபோது 14416 என்ற அரசின் தொலைபேசி மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். தாங்கள் சேட்டை செய்ததால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்று சிறுவர்கள் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருப்பது உண்டு.

"பேங்க் கையெழுத்து, சொத்து இதெல்லாம் இப்போ பேசினா நல்லாவா இருக்கும்?"

பேசுவதற்கு நல்ல நேரம் நோயாளி தெளிவாக இருக்கும் நேரம்தான். கணக்குகளுக்கு வாரிசு நியமனம், கூட்டுக் கணக்கு, காப்பீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடம், கைப்பேசியின் கடவு எண் ஆகியவற்றை அப்போதே முடித்துவிட வேண்டும். புரிந்துகொள்ளும் திறன் போன பிறகு வாங்கும் கையெழுத்து நீதிமன்றத்தில் நிற்காது. பெரும் சண்டைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இறுதிக் கட்டத்தில் செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் இதை ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் அலுவலரின் சான்று போதும் என்றது. அதன் நகல் ஒன்றை நோயாளியின் மருத்துவமனைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், மற்றொன்றை வீட்டில் பொறுப்பானவரிடம் கொடுங்கள்.

"இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. கைவிட்டுட்டாங்களா?"

கட்டியைக் குறைக்கும் மருந்து இனிப் பயன் தராது என்பதே அதன் பொருள். தலைவலி, வலிப்பு, வாந்தி, படுக்கைப்புண் ஆகியவற்றுக்கான சிகிச்சை தொடர வேண்டும், தொடரவும் முடியும். கடைசி வாரங்களில் நோயாளி அதிகம் தூங்குவார், விழுங்கச் சிரமப்படுவார். அப்போது வற்புறுத்திக் கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போகும். உதட்டையும் வாயையும் ஈரப்படுத்தினால் போதும். மாத்திரை விழுங்க முடியாதபோது வலிப்பு மருந்தை வேறு எந்த வழியில் கொடுப்பது என்பதை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் அடங்கும். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். மருத்துவமனையிலிருந்து தரும் வெளியேற்றச் சுருக்கத்தை அங்கே கொண்டுபோனால் வேலை விரைவாக முடியும்.